கொலைக் கதை கேட்ட காலண்டர் மேஜை

கதை வாசிக்கிறவன் கிசுகிசுக்கக் கூடாது. கொலைகாரன் கதவுக்குப் பின்னால் நிற்கிறான் என்றால் அதைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். கொலைகாரனுக்குத்தான் மறைய வேண்டிய அவசியம். வாசிக்கிறவனுக்கு என்ன வந்தது? ஆனால் சிடியில் மர்மக் கதை வாசித்த ஆண்கள் எல்லோரும் முக்கியமான இடம் வந்ததும் குரலைத் தொண்டைக்குள் இழுத்துக்கொண்டார்கள். மேலே ஃபேன் கடகடவென்று ஓடும். பக்கத்துக் கூடத்தில் பேப்பர் வெட்டும் மிஷின் இறங்கி ஏறும். நாங்கள் பத்துப் பன்னிரண்டு பெண்கள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அவன் கிசுகிசுப்பான். எனக்குக் கோபமாக வரும்.

நான் அப்போது சிவகாசியில், வெம்பக்கோட்டை ரோட்டில் இருந்த ஒரு காலண்டர் கம்பெனியில் வேலை பார்த்தேன். ஆமத்தூரிலிருந்து பஸ். தினசரி காலண்டருக்குத் தேதித் தாள் சேர்ப்பதுதான் வேலை. ஒவ்வொரு மாதத் தாளும் வெட்டிக் கட்டுக் கட்டாக வரும். ஒரு மேஜைக்கு ஆறு பேர், ஆளுக்கு இரண்டு மாதம். முதல் ஆள் ஜனவரி பிப்ரவரியை வைத்து அடுத்தவளிடம் தள்ளுவாள். கடைசி ஆளிடம் டிசம்பர் விழுந்ததும் ஒரு செட் முடிந்தது. அதன் மேல் விளிம்பில் தகரப் பட்டை வைத்து அடிக்க வேறு ஆள். கைக்கு மட்டும்தான் வேலை, புத்திக்கு இல்லை. அதனால்தான் கதை தேவைப்பட்டது.

கதைப் பெட்டியைக் கொண்டுவந்தது எனக்கு இடது பக்கம் உட்கார்ந்திருந்த அக்கா. அவளுடைய தம்பி சென்னையிலிருந்து ஒரு சிடி பிளேயரும், ஆறு மணி நேரம் ஓடும் மர்மக் கதை சிடிகளும் வாங்கிக் கொடுத்திருந்தான். அவளுக்கு ஜூலை, ஆகஸ்ட். எனக்கு செப்டம்பர், அக்டோபர். பிளேயர் எங்கள் இருவருக்கும் நடுவில் இருக்கும்.

அந்த ஒரு சீசனில் இருபது கதைக்கு மேல் கேட்டிருப்போம். பெரும்பாலும் குப்பை. வாசிக்கிறவன் ஒருத்தனே பெண்ணுக்கும் பேசுவான். பெண் என்றால் மூக்கால் பேச வேண்டும் என்று யார் சொல்லிக் கொடுத்தார்களோ. கொலைகாரனை நான் மூன்றாவது அத்தியாயத்தில் கண்டுபிடித்துவிடுவேன். அதில் என் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை. எவனுக்கு வாசிக்கிறவன் தேன் தடவிய குரல் கொடுக்கிறானோ அவன்தான். கொலைக்கு முன்னால் வயலின் வேறு வந்து சொல்லிவிட்டுப் போகும். கடைசியில் கொலைகாரன் அரை மணி நேரம் நின்று, தான் செய்ததை எல்லாம் வரிசையாக ஒப்பிப்பான். சுற்றியிருக்கிறவர்கள் வாயை மூடிக்கொண்டு கேட்பார்கள். எந்த ஊரில் அப்படிக் கேட்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

நான் வாயை மூடிக்கொண்டு கேட்கிற ஆள் இல்லை. யார் கொலைகாரன் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவேன். மேஜையில் எல்லோரும் திட்டுவார்கள். "ஏத்தா, ஒனக்குப் புண்ணியமாப் போகும், வாய வச்சுக்கிட்டுச் சும்மா இரு. நாங்க மெதுவாக் கண்டுபிடிச்சுக்கிடுதோம்" என்பாள் அக்கா.

ஒன்றைத் தவிர எந்தச் சிடியிலும் வெடிச் சத்தம் சரியாக இருந்ததில்லை. மலை மேல் இடி உருள்வது மாதிரி நீளமாகப் போட்டிருப்பார்கள். அது வந்தால் நாங்கள் சிரிப்போம். எங்கள் பக்கத்தில் பட்டாசு ரூம் வெடித்தால் அப்படிக் கேட்காது. ஒரே அடி. நெஞ்சில் வந்து விழும், தகரக் கூரை ஒருமுறை அதிரும், அவ்வளவுதான். அதன் பிறகு காக்கா கூடக் கத்தாது. அந்த நேரத்தில் எல்லோருக்கும் ஒரே யோசனைதான்: நம் வீட்டு ஆள் இன்றைக்கு எந்தக் கம்பெனியில்?

அக்காவின் வீட்டுக்காரர் தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்குகிறவர். அந்த வேலையை விடச் சொல்லி அவள் வருஷக்கணக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குக் காலண்டர் கம்பெனியில் வருஷம் முழுவதும் வேலை உறுதியானால் விட்டுவிடுகிறேன் என்று அவர் ஒப்புக்கொண்டிருந்தார். சீசன் முடிந்ததும் நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் நாலு பேரில் அவளும் ஒருத்தி என்று பேச்சு இருந்தது. இது மேஜையில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

புரட்டாசியில் ஒரு நாள், சாப்பாட்டுக்குப் பிறகு, புதுக் கதை ஒன்று ஓடியது. நல்ல கதை. வாசித்தவனும் மூக்கால் பேசவில்லை. ஒரு கட்டத்தில் அவனும் கிசுகிசுக்க ஆரம்பித்தான். நான் கை நீட்டிச் சத்தத்தைக் கடைசி வரைக்கும் கூட்டினேன்.

வெடித்தது. உருளவில்லை, எதிரொலிக்கவில்லை. ஒரே அடி. கேட்ட அத்தனை சிடியிலும் அந்தச் சத்தத்தைச் சரியாகப் போட்டிருந்தது அது ஒன்றுதான்.

யாரும் பிளேயரைப் பார்க்கவில்லை. இரண்டு மேஜைப் பெண்களும் எழுந்து வாசலுக்கு ஓடினோம். செருப்புக்கூடப் போடவில்லை. எல்லோரும் வானத்தைப் பார்த்தோம். வெடி என்றால் புகை தூணாக எழும்பும், எந்தத் திசையில் என்று பார்த்தால் பாதி தெரிந்துவிடும். புகை இல்லை. உள்ளே கதை தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதில் யாரோ ஆம்புலன்ஸுக்கு போன் செய்தார்கள். அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. ஒருத்தி சிரித்தாள். பிறகு எல்லோரும் சிரித்தோம்.

அக்கா சிரிக்கவில்லை. டீக்கடையில் இருந்த ஒரு ரூபாய் போனுக்குப் போய்த் தாயில்பட்டிக்குப் பேசினாள். வீட்டுக்காரர் நன்றாக இருக்கிறார் என்று அங்கே சொன்ன பிறகும் ரோட்டில் அதே திசையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பத்து நிமிஷம் கழித்துத்தான் உள்ளே வந்து உட்கார்ந்தாள். அவளுடைய தாள் கட்டு இரண்டும் கை நழுவிக் கீழே விழுந்தன, பொறுக்கி மறுபடி வைத்தாள். நான் அவளுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்திருக்கலாம். செய்யவில்லை. அந்த வெடியை எவன் வைத்தான் என்று தெரிந்துகொள்ளப் பிளேயரை விட்ட இடத்திலிருந்து மறுபடி ஓடவிட்டேன்.

இரண்டு நாள் கழித்துத் தகரம் அடிக்கிறவன் ஒரு காலண்டரை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனான். ஜூன் முப்பதைக் கிழித்தால் ஆகஸ்ட் ஒன்று வந்தது. ஆகஸ்ட் முழுக்க முடிந்த பிறகு ஜூலை. வெடிச் சத்தம் கேட்ட அன்றைக்கு மத்தியானத்துக்குமேல் சேர்த்த செட் எல்லாம் அப்படித்தான். பாதிக்குத் தகரமும் அடித்தாயிற்று. மதுரையில் ஒரு நகைக்கடைக்குப் போக வேண்டிய ஆர்டர்.

கதையில் என்றால் இதற்கு ஒரு துப்பறிகிறவர் வருவார். முதலில் யார் மேல் சந்தேகம் விழுகிறதோ அவரை விட்டுவிட்டு, யாரும் பார்க்காத ஆளைப் பார்ப்பார். எங்கள் கம்பெனியில் வந்தவர் மேனேஜர் அண்ணாச்சி. எங்களை வரிசையாக நிற்கவைத்தார்.

"பெட்டி யாருது?"

அக்கா கை தூக்கினாள்.

"ஜூலை யாரு?"

அவள் தூக்கின கையை இறக்கவில்லை.

"ரெண்டும் ஒரே ஆளு. இதுல எனக்கு என்ன விசாரணை வேண்டிக்கெடக்கு? நாளையிலருந்து வர வேணாம்" என்று சொல்லிவிட்டு ஆபீசுக்குள் போய்விட்டார். அக்கா சாப்பாட்டுத் தூக்கை எடுத்துப் பையில் வைத்தாள்.

எனக்கு முதலில் வந்தது இரக்கம் இல்லை, எரிச்சல். அவர் பார்த்தது பாதிதான். அவள் வைத்ததை வாங்கி, மேல் தாளைப் பார்க்காமலே என் செப்டம்பரை வைத்துத் தள்ளியது நான். மேல் தாளைப் பார்த்துத்தான் அடுத்ததை வைக்க வேண்டும் என்பது முதல் நாளே சொல்லிக்கொடுக்கிற பாடம். ஒரு செட்டில் பார்த்திருந்தால் அங்கேயே நின்றிருக்கும். நான் கதை கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆபீசுக்குப் போனேன். அண்ணாச்சி பிழையான காலண்டரைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"சத்தத்தக் கூட்டுனது நான் அண்ணாச்சி. அவுக வீட்டுக்காரரு மருந்து ரூம்புல வேல பாக்காரு. வெடிச் சத்தம் கேட்டா அவுகளுக்குக் கை நடுங்காம என்ன செய்யும்? வந்த செட்டப் பாக்காமத் தள்ளுனதும் நான்தான். அனுப்புறதுன்னா என்னைய அனுப்புங்க."

அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது. அதற்கு மேல் ஒப்பிக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நல்ல மனிதர் என்று சொல்ல மாட்டேன், கெட்டவரும் இல்லை. ஆர்டர் முடிய வேண்டும், அதுதான் அவர் கவலை.

"ஒன்னையும் அனுப்பிட்டு, சீசன் நேரத்துல நான் ஒக்காந்து செட்டுச் சேக்கவா?" என்றார்.

முடிவு இதுதான். நாங்கள் ஆறு பேரும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வந்து, தகரத்தைப் பிரித்து எல்லாச் செட்டையும் சரி செய்ய வேண்டும். கதைப் பெட்டி இனி கம்பெனிக்குள் வரக் கூடாது. அக்கா மேஜையிலேயே இருக்கலாம். நான் தகரம் அடிக்கிற மிஷினுக்குப் போக வேண்டும். நாள் முழுக்கத் தடார் தடார் என்று அடிக்கிற அந்த இடத்துக்கு யாரும் விரும்பிப் போவதில்லை. மற்ற நாலு பேருக்கும் என் மேல் கோபம். ஞாயிற்றுக்கிழமை போச்சு, கதையும் போச்சு. அவர்கள் கோபப்பட்டதில் தப்பில்லை.

சாயங்காலம் பஸ்ஸுக்கு நின்றபோது அக்கா பக்கத்தில் வந்தாள். நன்றி சொல்லவில்லை.

"கதை கேட்டுக் கேட்டு ஒனக்குப் புத்தி பெரண்டு போச்சுத்தா. எந்திரிச்சு நின்னு ஒத்துக்கிடுதவளக் கண்டா எவனும் மால போட மாட்டான். மிஷின்லதான் போடுவான்."

"மேஜையில ஒக்காந்து உங்க மூஞ்சியப் பாக்குறதுக்கு மிஷினு தேவல" என்றேன். அவள் என் தோளில் ஒன்று வைத்தாள். வலித்தது.

தீபாவளியோடு வழக்கம்போலப் பட்டாசுக் கம்பெனிகளை அடைத்தார்கள். சீசன் முடிந்ததும் நிரந்தரமாக வைத்துக்கொண்ட நாலு பேரில் அக்கா இருந்தாள். நான் இல்லை. பட்டாசுக் கம்பெனியைத் திரும்பத் திறந்தபோது அவள் வீட்டுக்காரர் போகவில்லை. விருதுநகரில் ஒரு பருப்பு மில்லில் மூட்டை தூக்கப் போனார். அடுத்த சித்திரையில் அவளைச் சிவகாசி பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். வீட்டுக்காரர் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். முதுகு வலிக்கிறதென்று தினமும் உயிரை எடுக்கிறாராம்.

"வலிக்கட்டும்" என்றாள்.