ஆட்டுமணி கட்டிய நாய்

செம்பட்டி ரோட்டில் பைக்கிலிருந்து விழுந்து இடுப்பில் தகடு வைத்த பிறகு, ஊன்றுகோல்தான் எனக்கு மூன்றாவது கால். "இன்னொரு தடவ விழுந்தீங்கன்னா எந்திரிக்கிறது சிரமம்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதிலிருந்து கோலால் தரையைத் தட்டிப் பார்க்காமல் ஓரடி எடுத்துவைப்பதில்லை.

பகலில் தனியாகக் கிடக்கிறேனே என்று மனைவி நாய் வளர்க்கச் சொன்னாள். பெரிய நாய் என்னை வத்தலக்குண்டு வரை இழுத்துக்கொண்டு போய்விடும். அதனால் சின்ன ஜாதிதான் என்று முடிவானது.

நாய் விற்பவர் இரண்டைக் கொண்டுவந்தார். பொமரேனியன் குட்டி சந்தோஷத்தில் என் காலுக்கும் கோலுக்கும் நடுவே சுற்றிச் சுற்றி ஓடியது. நான் பல்லி மாதிரி சுவரில் ஒட்டிக்கொண்டேன். இன்னொன்று டாஷண்ட்: குட்டைக்கால், நீள உடம்பு. படுத்த இடத்தைவிட்டு அசையவில்லை.

"இது கொஞ்சம் சோம்பேறிண்ணே" என்றார்.

"அப்ப எனக்குச் சொந்தம்தான். இருக்கட்டும்" என்றேன்.

அங்கேதான் தப்பு நடந்தது. கறுப்பு நாய், கறுப்புக் கடப்பாக்கல் தரை. மறுநாள் காலையில் கட்டிலைவிட்டு இறங்கியவன் அதன் வாலை மிதித்தேன். அது கத்தியது, அதைவிடச் சத்தமாக நான் கத்தினேன். நல்லவேளை, விழுந்தது கட்டில்மேல்.

மனைவி சந்தையில் ஆட்டுமணி வாங்கிவந்து அதன் கழுத்தில் கட்டினாள். "இனிமே மணி எங்க கேக்குதுன்னு பாத்துட்டு எந்திரிங்க."

மணி கேட்கும்வரை நான் இறங்குவதில்லை. அதுவோ, என் கோல் எந்தப் பக்கம் வருகிறது என்று தெரியும்வரை அசைவதில்லை. சாயங்காலம் மனைவி வரும்போது இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, மற்றவர் முதலில் அசையட்டும் என்று அப்படியே இருப்போம்.