கட்டிலோரம் பன்னிரண்டு அயிரை

அயிரையைத் தொட்டியில் விட்டு வளர்த்தேன் என்று எங்கள் ஊரில் சொன்னால் சிரிப்பார்கள். மதுரைப் பக்கம் அயிரை என்றால் குழம்பு. வேறு அர்த்தமே கிடையாது. விரல் நீளம்கூட இல்லாத மீன். தலையைக் கிள்ளுவதில்லை, குடலை எடுப்பதில்லை, முழுசாகச் சட்டியில் போடுவோம். அந்த மீனுக்கு மணல் பரப்பி, தீனி போட்டு, மாதக்கணக்கில் அதன் முகத்தையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தவள் நான்.

ஆசைப்பட்டுப் படுக்கவில்லை. அதற்கு முன் இரண்டு பிள்ளைகள் ஐந்தாம் மாதத்தில் தங்காமல் போயிருந்தன. மூன்றாவது முறை டாக்டரம்மா கருப்பை வாயில் தையல் போட்டுவிட்டு, "பாத்ரூம் போக மட்டும் எந்திரிங்க. மத்த நேரம் கட்டில்தான். இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுங்க. ஏழு மாசம் தாண்டிட்டா அப்புறம் நான் பாத்துக்கறேன்" என்று அனுப்பிவிட்டார். காலும் வாயும் ஒரு இடத்தில் நிற்காத பெண் என்று பெயர் வாங்கியவள் நான். என்னைக் கட்டிலில் கிடத்தினால் வாய் மட்டும் இரண்டு மடங்கு வேலை செய்தது. பட்டதெல்லாம் என் வீட்டுக்காரர்தான்.

அவர் ஆவடியில் பிறந்து வளர்ந்தவர். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் மேற்பார்வையாளர். எங்கள் வீடு கொரட்டூரில், இரண்டாவது மாடி. ஒரு ஜன்னலில் ஏரிக்காற்று வரும், இன்னொன்றில் மின்சார ரயிலின் சத்தம் வரும். இரண்டையும் கேட்டபடி நான் கிடந்தேன். நான்காம் மாதத்தில் ஒரு நாள் எனக்கு அயிரைக் குழம்பு வேண்டும் என்று தோன்றியது. தோன்றியதென்ன, வேறு எதுவும் தொண்டையில் இறங்கவில்லை. அழுதேவிட்டேன்.

என் அண்ணன் ஊரிலிருந்து கால் கிலோ அயிரையை உயிரோடு, காற்று அடைத்த பையில் கட்டி, பஸ்ஸில் ஏற்றிவிட்டான். வீட்டுக்காரர் விடியற்காலையில் பைபாஸில் நின்று வாங்கி வந்தார். செய்முறையைக் கட்டிலில் இருந்தபடி நான் சொன்னேன். முதலில் பாலில் விட வேண்டும். அது வாயிலுள்ள மணலையும் சேற்றையும் கக்கும். பிறகு மண்சட்டியில் கல்லுப்புப் போட்டு, அந்த வழவழப்புப் போகும்வரை உயிரோடு உரசிக் கழுவ வேண்டும். பால்வரைக்கும் ஒழுங்காகச் செய்தார். அதற்கப்புறம் சமையலறையில் சத்தமே இல்லை.

"என்னங்க ஆச்சு?"

"இன்னாம்மா இது, உசுரோட கீது. மீசையெல்லாம் வச்சிகினு என்னியே பாக்குது. இத்தப் போய் உப்பு போட்டுத் தேய்க்கச் சொல்றியே, உனுக்கு மனசு வருதா?"

இரும்பை அறுக்கிற பட்டறையில் வேலை பார்க்கிற மனுஷன். கடைசியில் எதிர் வீட்டு அக்காவைக் கூப்பிட்டார். அக்காவுக்கு அப்படியெல்லாம் தயக்கம் கிடையாது. பத்து நிமிடத்தில் உரசிக் கழுவிக் குழம்பை ஏற்றிவிட்டார். கொதி வந்து அந்த வாசனை அறைக்குள் வந்ததும் எனக்குக் குடலைப் புரட்டியது. ஒரு வாய்கூட இறங்கவில்லை. அக்கா வீட்டில்தான் சாப்பிட்டார்கள். அக்கா வருவதற்குள் இவர் ஒரு கை மீனை அள்ளிக் குளியலறை வாளியில் ஒளித்து வைத்திருந்தது மறுநாள்தான் தெரிந்தது. எண்ணிப் பார்த்தால் பன்னிரண்டு.

கொளத்தூரில் வண்ண மீன் விற்கும் தெருவிலிருந்து இரண்டடித் தொட்டி ஒன்று வந்தது. அதைக் கட்டிலுக்கு இடது பக்கம் ஒரு மேசைமேல் வைத்தார். நான் ஒருக்களித்துப் படுத்தால் தொட்டியின் அடிமட்டமும் என் கண்ணும் நேர்க்கோட்டில் இருக்கும். காற்று மோட்டாரின் சுவிட்ச் கை எட்டும் தூரத்தில் இருந்தது.

முதல் வாரம் எல்லாமே தப்பாகச் செய்தோம். பக்கத்தில் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. அங்கிருந்து எம்-சாண்ட் கொண்டுவந்து கொட்டினார். அயிரை மணலுக்குள் மூக்கை நுழைத்துத் தேடித் தின்னும் சாதி. நொறுக்கிய கல் அதன் மீசையைத் தேய்த்துவிடும் என்று மீன் கடைக்காரர் திட்டினாராம். எல்லாவற்றையும் அள்ளிவிட்டு, சலித்துக் கழுவிய ஆற்று மணலைப் பரப்பினோம். கடையில் வாங்கிய தீனி தண்ணீருக்கு மேலேயே மிதந்தது. கீழே கிடப்பவை அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. மூழ்குகிற தீனி என்று தனியாக ஒன்று இருப்பது அப்புறம்தான் தெரிந்தது. குழாய்த் தண்ணீரை ஒரு நாள் முழுக்க வாளியில் வைத்து, மருந்து வாடை போன பிறகே ஊற்ற வேண்டும். இதையெல்லாம் கட்டிலில் கிடந்து நான் அதிகாரம் செய்தேன். அவர் முணுமுணுத்துக்கொண்டே செய்தார்.

அதற்குப் பிறகு வந்த பகல்களை என்னால் சரியாகப் பிரித்துச் சொல்ல முடியாது. ஒரே நீண்ட மத்தியானமாகத்தான் அவை நினைவில் இருக்கின்றன. ஜன்னல் வெளிச்சம் தொட்டிக்குள் இறங்கி, கூரையில் மெல்ல ஆடும். மணலில் ஒன்றுமே இருக்காது. பார்த்துக்கொண்டே இருந்தால் மணலில் ஒரு கண் திறந்திருப்பது தெரியும். அப்புறம் இன்னொரு கண். அதன் பிறகு பழுப்பு உடம்பும், பக்கவாட்டில் வரிசையாக வைத்த கரும்புள்ளிகளும் தெரியும். நான் கண்ணை மூடித் திறப்பதற்குள் அது இருந்த இடத்தில் வெறும் மணல் இருக்கும். தூங்கினேனா, பார்த்தேனா என்பதே குழம்பிவிடும். ரயில் போகும்போது தண்ணீர் லேசாக நடுங்கும், அவை அசையாது. ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து, வயிறு மணலில் பட, செவுள் மட்டும் வேகமாக அடித்துக்கொள்ளும். அடியில் கிடப்பது ஒரு தண்டனை இல்லை என்று அவற்றைப் பார்த்துத்தான் எனக்குத் தோன்றியது. சில நாட்களில் நான்தான் மணலில் கிடக்கிறேன், அவை வெளியிலிருந்து என்னைப் பார்க்கின்றன என்று இருக்கும். அந்த நேரங்களில் எனக்குப் பயமே இருக்கவில்லை. அந்த நிம்மதியை அதற்குப் பிறகு நான் அனுபவித்ததில்லை.

எதிர் வீட்டு அக்கா தினமும் ரசமோ கூட்டோ கொண்டுவருவார். ஒரு நாள் தொட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மீன் வச்சது நல்லதும்மா. ஊட்டுக்கு எதனா வர்றதா இருந்தா, மீனு அத்த வாங்கிக்கினு செத்துப்பூடும். மீனு செத்தா அழக் கூடாது. நமுக்கு வந்தது அதோட போச்சுன்னு நெனச்சிக்கணும்."

இந்தப் பேச்சு எனக்குப் புதிதில்லை. மீன் தொட்டி வைத்திருக்கிற பாதி வீடுகளில் இதைச் சொல்வார்கள். அக்கா போனதும் நான் சிரித்தேன். கால் கிலோவைக் குழம்பு வைத்தபோது கழியாத கண்டமா இப்போது கழிந்துவிடப் போகிறது? ஆனாலும் அந்தச் சொல் உள்ளே எங்கோ போய் உட்கார்ந்துகொண்டது. காலையில் கண் விழித்ததும் மீன்களை எண்ணத் தொடங்கினேன். மணலில் புதைந்து கிடப்பதை எப்படி எண்ணுவது? ஒன்பது வரும், ஏழு வரும். குறைந்தால் மனது துள்ளும். மத்தியானத்துக்குள் பன்னிரண்டும் வெளியே வந்துவிடும், எனக்கு ஏமாற்றமாக இருக்கும். நான் தீனி போட்டு வளர்க்கிற உயிர் ஒன்று சாகட்டும் என்று தினமும் காத்திருந்தேன். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஐந்தாம் மாதத்தின் கடைசி வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், உடுப்பில் ஒரு கறையைப் பார்த்தேன். முந்தைய இரண்டு முறையும் அப்படித்தான் ஆரம்பித்தது. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். கறை கொஞ்சம்தான் என்றால் அசையாமல் படுத்திருங்கள், டாக்டரம்மா ஒரு மணி நேரத்தில் வந்துவிடுவார், யாராவது உங்களைக் கூட்டிவரட்டும் என்றார்கள். வீட்டுக்காரர் பட்டறையிலிருந்து உடனே கிளம்பினார். எதிர் வீட்டு அக்கா இல்லை. எனக்காக வேண்டிக்கொண்டு மாங்காட்டு அம்மன் கோயிலுக்குப் போயிருந்தார். நான் தனியாக, இடது பக்கம் ஒருக்களித்து, தொட்டியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

பன்னிரண்டும் வெளியில்தான் இருந்தன. நன்றாகத்தான் இருந்தன. கையை நீட்டி மோட்டாரை அணைத்தேன்.

குமிழி நின்றது. அறையில் அப்படியொரு அமைதி. ஏதாவது ஒன்று போதும், ஒன்றே ஒன்று, என்று மனதுக்குள் சொன்னேன். யாரிடம் சொன்னேன் என்று தெரியாது. கொஞ்ச நேரத்தில் ஒரு அயிரை மணலிலிருந்து கிளம்பி நேராக மேலே போய், தண்ணீரின் விளிம்பில் வாயை வைத்து ஒரு மடக்குக் காற்றை விழுங்கிவிட்டுக் கீழே இறங்கியது. அதன் பின்னால் இன்னொன்று. பிறகு மூன்று நான்காகப் போயின. வருவதும் போவதுமாக இருந்தன. அடியை விட்டு எழாத மீன்கள் மூச்சுக்காக இப்படி ஏறிக்கொண்டிருந்தன. என் வயிற்றில் இருப்பதும் இப்போது இப்படித்தான் தவிக்கிறதோ என்று தோன்றியது. பாவி, என்ன காரியம் செய்தாய் என்று என்னையே திட்டிக்கொண்டு சுவிட்சைப் போட்டேன். மோட்டார் ஓடவில்லை. தலைக்கு மேலே விசிறியும் நின்றுகொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிருந்தது.

எழுந்திருக்கக் கூடாது. கட்டிலோரம் தண்ணீர் குடிக்க வைத்திருந்த எவர்சில்வர் டம்ளர் மட்டும் இருந்தது. முழங்கையை ஊன்றி, தொட்டிக்குள் டம்ளரை முக்கி மொண்டு, கை எட்டும் உயரத்துக்குத் தூக்கி, காபி ஆற்றுவதுபோல மெல்ல ஊற்றினேன். நுரை வந்தது. திரும்பவும் மொண்டேன், ஊற்றினேன். செத்துடாதீங்க, ஒண்ணும் வாங்கிக்காதீங்க, ஒண்ணும் வேணாம் என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தது. தோள் வலித்தது. பாதித் தண்ணீர் கையில் வழிந்து மெத்தையெல்லாம் ஓடியது. எவ்வளவு நேரம் ஆற்றினேன் என்று தெரியவில்லை. கூரையில் வெளிச்சம் ஆடிக்கொண்டே இருந்தது.

கதவைத் திறந்துகொண்டு அவர் வந்தார். முதலில் மெத்தையைப் பார்த்தார். இடுப்புக்குக் கீழே எல்லாம் நனைந்து, தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. பனிக்குடம் உடைந்துவிட்டது என்று நினைத்துவிட்டார். அவருடைய முகத்தில் ரத்தமே இல்லை.

"தொட்டித் தண்ணிங்க," என்றேன். "மீன் தண்ணி. வேற ஒண்ணும் இல்ல."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். அவர் அழுது அதுவரை நான் பார்த்ததில்லை.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பார்த்தார்கள். தையல் உறுதியாக இருக்கிறது, குழந்தையின் துடிப்பு நன்றாக இருக்கிறது, கறைக்குப் பயப்பட வேண்டாம் என்றார் டாக்டரம்மா. அவர் ஊசி போட்டுவிட்டு அனுப்பினார். வீட்டுக்கு வந்து பார்த்தால் கரண்ட் வந்திருந்தது, மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, பன்னிரண்டும் மணலில் கிடந்தன. அயிரை சேற்றுக்குட்டையிலேயே காற்றைக் குடித்துப் பிழைக்கிற மீன், மோட்டார் இல்லாவிட்டாலும் அதற்கு ஒன்றும் ஆகாது என்று மறுவாரம் கடைக்காரர் சொன்னாராம். நான் ஆற்றிய அத்தனை டம்ளரும் வீண்.

ஆனால் அன்று திரும்பி வருகிற ஆட்டோவில் எனக்கு அது தெரியாது. குழிக்குக் குழி வண்டியை நிறுத்தி நிறுத்தி ஓட்டச் சொல்லிவிட்டு, என் தோளைப் பிடித்தபடி அவர் உட்கார்ந்திருந்தார். நான் செய்ததையெல்லாம் சொன்னேன். தினமும் எண்ணியதையும், மோட்டாரை அணைத்ததையும் சொன்னேன். சிரிப்பார், இல்லாவிட்டால் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நா உன்னவிட மோசம்மா," என்றார். "மெத்த நனைஞ்சி கீறத பாத்தேன்ல, அந்த ஒரு நிமிசம் நா புள்ளய நெனைக்கவே இல்ல. அது போனா போவுது, நீ இருந்தா போதும்னு நெனச்சிட்டேன். சும்மா இல்ல, மனசார நெனச்சேன்."

எந்தப் பெண்டாட்டியும் இதைக் கேட்டு உருகியிருப்பாள். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. உள்ளே இருப்பது கேட்டுவிடுமோ என்பதுபோலக் கை தானாக வயிற்றை மூடிக்கொண்டது. பிறகு அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டேன். வீடு வரும்வரை விடவில்லை.

ஒன்பதாம் மாதம் மகள் பிறந்தாள். இப்போது நாலு வயது. சுவரெல்லாம் கிறுக்குகிறாள், சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிடுகிறாள், கடைத்தெருவில் உருண்டு அழுகிறாள். அவர் இதுவரை அவளை ஒரு அதட்டல் அதட்டியதில்லை. முகம் சுளித்துக்கூடப் பார்த்ததில்லை. அப்பா செல்லம் கொடுத்துக் கெடுக்கிறார் என்று இரண்டு பக்கத்து உறவும் சொல்கிறது. நான் மறுத்துப் பேசுவதில்லை. அந்த ஒரு நிமிடத்துக்காக அவர் அவளிடம் இன்னும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று யாரிடம் சொல்வது? அதட்டுகிற வேலை முழுவதும் என் தலையில்தான்.