இரண்டு பேருக்கும் மிருகசீரிஷம்

எண்பதுகளின் கடைசியில், ஸ்ரீரங்கம் தெற்கு வாசல் பக்கம் கம்ப்யூட்டர் ஜாதகக் கடை ஒன்றில் ப்ரோக்ராமராக இருந்தேன். படித்தது இயற்பியல். விஞ்ஞானத்துக்கு இதைவிடக் கேவலமான தொண்டு செய்தவன் இருக்க முடியாது. வருகிறவர்கள் என்னை ‘ஜோசியரே’ என்றுதான் கூப்பிட்டார்கள்.

பொருத்தம் பார்ப்பதை பேசிக் மொழியில் எழுதியிருந்தேன். நத்தை தோற்றுவிடும். முதலாளி மெட்ராஸிலிருந்து, நட்சத்திரம் கணிக்கும், C மொழியில் எழுதிய ஃபங்ஷன் ஒன்றை வாங்கிவந்து, “இதை அதோட கோத்துடுங்க” என்றார். கோத்தாயிற்று.

மறுநாள் முசிறியிலிருந்து ஒரு வாழைக்காய் மண்டிக்காரர் வந்தார். எங்கள் கடையில் டைப் அடிக்கும் உறையூர்ப் பெண்ணை அவர் மகனுக்குப் பேசி முடித்திருந்தார்கள். அவளுக்கும் பையனைப் பிடித்திருந்தது. கம்ப்யூட்டரிலும் ஒருவாட்டி பார்த்துவிட ஆசைப்பட்டார். அவளே டைப் அடித்து, அவளே தாளைக் கிழித்துக் கொடுத்தாள். இருவருக்கும் மிருகசீரிஷம், ரஜ்ஜுப் பொருத்தம் இல்லை, கல்யாணம் கூடாது.

“அவருக்கு உத்திரம்தானே?” என்றாள்.

“அப்படித்தாம்மா இத்தனை வருஷமா நெனச்சிருந்தோம். மெஷின் பொய் சொல்லுமா?” என்று எழுந்து போய்விட்டார்.

உள்ளே பார்த்தேன். அந்த C சனியன் நட்சத்திரத்தின் பெயரைக் கையில் கொடுக்கவில்லை. பெயர் மெமரியில் கிடக்கிற இடத்தின் விலாசத்தை மட்டும் கொடுத்தது. பெண்ணுக்குக் கணித்தபோது அதே இடத்தில், மாப்பிள்ளையின் பெயர்மேலேயே எழுதிவிட்டது. என் பேசிக் ப்ரோக்ராம் இரண்டு தடவையும் ஒரே இடத்தைப் படித்தது. மாப்பிள்ளையின் நட்சத்திரத்தை முதலில் வேறிடத்தில் பிரதி எடுத்துவைக்கும்படி மாற்றினேன். பொருத்தம் பேஷாக வந்தது.

முதலாளியிடம் சொன்னேன். நேற்றிலிருந்து தப்பான தாள் வாங்கிப் போனவர்கள் எல்லோரையும் திரும்பக் கூப்பிடச் சொன்னேன்.

“எதுக்குங்க? பொருத்தம் இல்லேன்னாத்தானே அடுத்த ஜாதகத்தத் தூக்கிட்டு ஓடியாருவாங்க?” என்று வெற்றிலையைக் குதப்பினார்.

புதுத் தாளோடு முசிறி பஸ் ஏறினேன். மண்டியில் தொங்கிய வாழைத்தார்களைக் காட்டி மண்டிக்காரருக்கு விளக்கினேன்: “மெஷின்ல இருந்தது ஒரே கொக்கிங்க. ரெண்டாவது தாரை மாட்டறப்போ முதல் தாரைக் கீழ தள்ளிடுச்சு.”

“எங்க மண்டியில எவனாச்சும் அப்படி மாட்டினா செருப்பு பிஞ்சிரும்” என்றார். என் வாழ்நாளில் அந்த C ஃபங்ஷனுக்குக் கிடைத்த ஒரே நியாயமான விமரிசனம் அது. ஆனால் தாளை வாங்கவில்லை. “அன்னிக்கு ஒண்ணு, இன்னிக்கு ஒண்ணா? பொண்ணு உங்க கடையிலதான வேல பாக்குது? எங்களுக்கு வெவரம் தெரியாதுன்னு நெனச்சீங்களா? கோயில்ல பையனுக்கு மிருகசீரிஷம்னு சொல்லி அர்ச்சனையே பண்ணியாச்சு.”

பின்னால் நின்ற மாப்பிள்ளைப் பையன் ஆமாம் என்று தலையாட்டினான்.

மறுநாள் அவள் பிரிண்டரில் ரிப்பன் மாட்டிக்கொண்டிருந்தாள். “அவர் என்ன சார் சொன்னாரு?”

“தலையாட்டினார்.”

“உத்திரம்னு எங்கிட்ட சொன்னதே அவர்தான் சார்.” விரலில் ஒட்டிய மையைப் பழைய தாளில் அழுத்தித் துடைத்தாள். “வெளியில ஆள் காத்திருக்காங்க. வரச் சொல்லுங்க.”