மைக்கில் நான் சிரித்த பெயர்

மலேசியாவில், பத்தாங் காலியில் எங்கள் கோயில் மண்டபத்தில் ஆண்டுதோறும் மாணவர்களுக்குப் பரிசு கொடுப்போம். மூன்று வருடங்களுக்கு முன்பு, அறிவிப்பாளர் வேலை முதல்முறையாக என் தலையில் விழுந்தது. ரவாங் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவள் நான். குரல் நன்றாக இருக்கிறதென்று நாலு பேர் சொன்னதில் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

நம் பிள்ளைகளின் பெயர்கள்தான் தெரியுமே! அப்பா பெயரில் பாதி, அம்மா பெயரில் பாதி ஒட்டிப் புதிதாக ஒன்று செய்வார்கள். பிறகு எண்சோதிடம் பார்த்து இரண்டு ‘ஏ’, ஒரு ‘எச்’ சேர்ப்பார்கள். பட்டியலோ ஆங்கிலத்தில்தான் வரும். அப்படி ஒரு பெயரில் மாட்டிக்கொண்டேன். மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டு, “நாக்கே சுளுக்கிக்கிச்சு லா” என்று மைக்கிலேயே சிரித்தேன். மண்டபமே சிரித்தது. ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி தலையைக் குனிந்தபடி வந்து பரிசை வாங்கிப் போனாள். நான் அன்றே மறந்துவிட்டேன்.

மறு வருடப் பட்டியலில் அதே பெயர், முதல் பரிசு. பக்கத்தில் பேனாவால், ‘மேடைக்கு வராது, கையில் கொடுக்கவும்’ என்று எழுதியிருந்தது. செயலாளரிடம் காரணம் கேட்டேன். பெயரைக் கூப்பிட்டால் எல்லாரும் சிரிப்பார்கள் என்று பிள்ளை அழுகிறதாம். எனக்குச் சுருக்கென்றது.

கடைசி வரிசையில் அப்பாவோடு உட்கார்ந்திருந்தாள். அவர் லோரி ஓட்டுபவர். பக்கத்தில் போய் உட்கார்ந்து, போன வருடம் சிரித்தது நான்தான், தப்புதான், பெயரைச் சொல்லிக்கொடுங்கள் என்றேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவரோ, பிரசவ வார்டில் தானும் மனைவியும் சேர்ந்து செய்த பெயர் என்று பெருமையாகச் சொன்னார்.

“அந்த எச்சு சோசியக்காரருக்காக வச்சது தங்கச்சி. வாய்க்கு இல்ல.”

நான் சொல்லிப் பார்த்தேன். அவர் தலையாட்டினார். அவள் ஆட்டவில்லை.

“கடைசில இழுக்காதீங்க ஆண்ட்டி” என்றாள்.

இழுக்காமல் சொன்னேன். இன்னொரு தடவை என்றாள். ஐந்தாவது தடவை அவள் திருத்தவில்லை. மேடைக்கு வருவாயா என்று கேட்டதும் அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

அவள் முறை வந்தது. கூப்பிட்டேன். யாரும் சிரிக்கவில்லை. பின்னால் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. நிமிர்ந்து நடந்து வந்தாள். படியேறியதும் பரிசு கொடுப்பவரிடம் போகாமல், முதலில் என்னைப் பார்த்துத் தலையாட்டினாள்.

இப்போதெல்லாம் ஒரு மணி நேரம் முன்னதாகவே போய், ஒவ்வொரு பிள்ளையிடமும் பெயரைக் கேட்டுச் சொல்லிப் பழகிக்கொள்கிறேன். என் குரலை எத்தனை பேர் பாராட்டினாலும், அந்த ஒரு தலையாட்டலைத்தான் நான் வாங்கிய பரிசாக வைத்திருக்கிறேன்.