நிதானம் எடுக்காத அழைப்பு

பஸ் டிப்போவில் அவருக்கு நிதானம் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. அவர் ஓட்டும் வண்டி சீறிப் பாயாது, பள்ளத்தில் தூக்கிப் போடாது, முன்னால் போகிறவனை முந்த வேண்டும் என்று துடிக்காது. "நிதானம் வண்டியா வருது? அப்ப நடந்தே போயிடலாம்" என்று அவசரக்காரர்கள் கிண்டல் செய்வார்கள். கைக்குழந்தைக்காரிகளும் வயிறு புரட்டுகிறவர்களும் மட்டும் வேறு வண்டிகளை விட்டுவிட்டு அவர் வண்டிக்காக நிற்பார்கள்.

அவருடைய கண்டக்டர் நேர் எதிர். வாய் ஓயாத மனிதர். சில்லறை இல்லாதவரோடு சண்டை, படியில் தொங்குகிறவரோடு சண்டை, இறங்கும்போது அவர்களோடே சமாதானம். பல வருஷம் ஒரே தடத்தில் இருவரும் ஓடியதால் டிப்போவில் புருஷன் பெண்டாட்டி என்று கேலி பேசுவார்கள். விசில் சத்தம் வரும் விதத்திலேயே பின்னால் கண்டக்டர் என்ன மனநிலையில் இருக்கிறார் என்பது நிதானத்துக்குத் தெரிந்துவிடும்.

கண் ஓரத்திலிருந்து போகத் தொடங்கியது. நேரே இருப்பது பளிச்சென்று தெரிந்தது. பக்கத்தில் இருப்பது மட்டும் மெல்ல மெல்ல இல்லாமல் போயிற்று. முதலில் இடப்பக்கக் கண்ணாடியில்தான் அழுக்கு என்று நினைத்து, துணியை நனைத்து நனைத்துத் துடைத்தார். பிறகு விஷயம் கண்ணாடியில் இல்லை என்று புரிந்தது. அதை மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. வண்டி ஓட்டுவதைத் தவிர அவருக்கு வேறு எதுவும் தெரியாது.

மழை விட்டிருந்த ஒரு சாயங்காலம், திருப்பத்தில் வண்டியை ஒடித்தார். இடப்பக்கம் சைக்கிளில் ஒரு பள்ளிக்கூடத்துப் பெண் வந்துகொண்டிருந்தாள். அவருக்கு அவள் தெரியவே இல்லை. பின்னாலிருந்து விசில் அலறியது. காது கேட்ட மாத்திரத்தில் கால் பிரேக்கை மிதித்தது. சைக்கிளின் முன்சக்கரம் நெளிந்துபோனது. அந்தப் பெண் எழுந்து நின்று, வீட்டில் திட்டுவார்களே என்று அழுதாள். அவள் மேல் ஒரு கீறல் இல்லை.

டிப்போவுக்குத் திரும்பியதும் கண்டக்டர் மெதுவாகக் கேட்டார். "மாப்ள, நெஜமா அந்தப் பொண்ணு உனக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சுது. பிரேக் லேட்டா புடிச்சுது."

கண்டக்டர் வாதாடவில்லை. வாதாடாமல் அவர் விட்டது அதுதான் முதல் தடவை. மறுநாள் காலையில் டிப்போ மேனேஜர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். மேனேஜர் அனுப்பி வைத்த கண் டாக்டர் ஒரு இயந்திரத்துக்குள் நிதானத்தின் முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார். நிதானம் பொத்தானை அழுத்தாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு கருகிவிட்டது, போனது போனதுதான், மிச்சத்தைக் கொஞ்ச காலம் காப்பாற்றலாம் என்றார்கள்.

சாவியை ஒப்படைத்துவிட்டு வெளியே வந்தபோது கண்டக்டர் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே," என்றார் நிதானம். "நேரா போய் அங்க சொல்லணுமா?"

"உன்கிட்ட கேட்டேன். நீ பிரேக் மேல பழியப் போட்ட. நான் சொல்லாம விட்டிருந்தா இன்னிக்கு இல்லன்னாலும் நாளைக்கு யாரையாவது ஏத்திக் கொன்னிருப்ப."

"அப்ப நீ என்னக் கொன்னுட்ட. சரியாப் போச்சு."

அதோடு பேச்சு நின்றது.

மிச்சம் இருந்த பார்வை டாக்டர் சொன்னதைவிட வேகமாகப் போயிற்று. குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் இருந்த உலகம் ஊசித் துளையாகி, பிறகு அதுவும் பழுப்பு மூட்டமாகிவிட்டது. அந்த நாட்களில் கண்டக்டர் விடாமல் போன் செய்துகொண்டிருந்தார். எழுத்து தெரிந்தவரை நிதானம் பெயரைப் பார்த்துப் பார்த்துக் கட் செய்தார். எழுத்து தெரியாமல் போனபின் எந்தப் போனையும் எடுப்பதை விட்டுவிட்டார்.

வீடு மாடியில் இரண்டு அறை. மனைவிக்கு ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை. மலைபோல் குவியும் படுக்கை விரிப்புகளை இன்னொருத்தியோடு சேர்ந்து மூலைக்கு மூலை பிடித்து மடிக்க வேண்டும். காலையில் அவள் போனால் மாலைவரை அவர் தனியாள். சுவரைத் தொட்டபடி சமையலறைக்குப் போவார், வருவார். ரேடியோ கேட்பார். பிறகு அதையும் நிறுத்திவிட்டுத் தெருவில் போகும் பஸ்ஸின் சத்தத்தைக் கேட்டு, கியர் மாற்றத் தெரியாத டிரைவரைத் திட்டிக்கொண்டிருப்பார்.

வேறு ஊரில் வேலை பார்க்கும் மகள் லீவில் வந்தபோதுதான் போனிலேயே இருந்த அந்த வசதியைப் போட்டுக் கொடுத்தாள். திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கிற வசதி. யாரோ விற்க வந்தது இல்லை, வாங்கிய நாளிலிருந்தே போனுக்குள் தூங்கிக்கொண்டிருந்தது.

"அப்பா, ஒரு தடவ தொட்டா அது என்னன்னு சொல்லும். அப்புறம் எங்க வேணா ரெண்டு தட்டு தட்டினா தொறக்கும். சத்தம் கூட்டற பட்டன், குறைக்கற பட்டன் ரெண்டையும் சேத்து அமுக்கிப் புடிச்சா பேச ஆரம்பிக்கும். மறுபடியும் அமுக்கினா நின்னுடும்."

"பொம்பளக் குரலா?"

"ஆமா. ஏன்?"

"உங்கம்மாவுக்குத் துணையாச்சு. ரெண்டு பேருமா சேந்து என்னத் திட்டலாம்."

மகள் சிரித்தாள். வெகுகாலத்துக்குப் பிறகு அவர் சொன்ன தமாஷ் அது.

முதலில் விரல் சொன்னபடி கேட்கவில்லை. தொட வேண்டிய இடத்தில் தட்டினார், தட்ட வேண்டிய இடத்தில் இழுத்தார். பிறகு பிடிபட்டது. காலையில் செய்தித்தாளை அந்தக் குரல் தாளமில்லாமல் படித்தது. முற்றுப்புள்ளிக்கு நிற்காமல் போய் நடு வாக்கியத்தில் மூச்சு வாங்கியது. மகள் அனுப்பும் படங்களைக்கூட விடவில்லை. மனைவி வேலையிலிருந்து வந்ததும், "உன் பொண்ணு இன்னிக்கு சிவப்பு இதயம், சிவப்பு இதயம், முத்தமிடும் முகம் அனுப்பியிருக்கா" என்று அதே குரலில் சொல்லிக் காட்டுவார்.

ஒருநாள் அந்தக் குரல், "கண்டக்டர் அழைக்கிறார்" என்றது. நிதானம் போனைக் கையில் வைத்துக்கொண்டு அது அடித்து ஓயும்வரை உட்கார்ந்திருந்தார். கட் செய்யவில்லை. அடுத்த தடவை கூப்பிட்டால் எடுக்கலாம் என்று நினைத்தார். அன்று இரவு சாப்பிடும்போது மனைவியிடம், "அந்தப் பொண்ணுக்கு இப்ப கல்யாண வயசு இருக்கும்ல?" என்றார். எந்தப் பெண் என்று அவள் கேட்கவில்லை. சைக்கிளில் வந்த பெண் என்று அவளுக்குப் புரிந்தது.

அதற்கப்புறம் அழைப்பு வரவில்லை. இவராகக் கூப்பிடலாம்தான். பெயர்கள் இருக்கும் இடத்துக்குப் போய், 'கண்டக்டர்' என்று குரல் சொல்லும்வரை விரலை நகர்த்துவார். சொன்னதும் நிறுத்திவிடுவார்.

இதற்கிடையில் மனைவியின் போன் சலவைத் தொட்டியில் விழுந்து வீணாகிவிட்டது. புதிது வாங்குகிறவரை அவள் சிம்மையும் அவர் போனிலேயே போட்டு, ஒரு போனையே இருவரும் வைத்துக்கொள்வது என்று ஏற்பாடு. பகலில் அவரிடம். மாலையில் அவள் இரண்டு பொத்தானையும் அமுக்கிக் குரலை நிறுத்திவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பாள். காலையில் அவர் அமுக்கினால் குரல் திரும்ப வந்துவிடும்.

ஷிப்டு மாறுவதைப் பற்றி மேற்பார்வையாளர் தகவல் அனுப்புவார் என்று ஒருநாள் அவளே போனை எடுத்துப் போனாள். விரிப்பு மடிக்கும்போது ஏப்ரன் பையில் இருந்த போன் இடுப்புக்கும் மேசைக்கும் நடுவில் நசுங்கியதில் இரண்டு பொத்தானும் அமுங்கி, தானாகப் பேச ஆரம்பித்துவிட்டது. அவள் பதறி எடுத்தாள். ஈரக் கை, எங்கேயோ பட்டது. அவளுடைய அக்கா அனுப்பியிருந்த செய்தியை அந்தக் குரல் கூடம் முழுக்கக் கேட்கும்படி படித்தது: "கண் தெரியாத மனுஷனோட எத்தனை நாள்தான் மாரடிக்கப் போற. ஏதாவது இல்லத்துல சேத்துட்டு எங்கூட வந்துடு."

இயந்திரச் சத்தத்துக்கு நடுவிலும் எல்லோருக்கும் கேட்டது. யாரும் எதுவும் சொல்லவில்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. கூட மடிக்கிறவள் போனை வாங்கி, "இது பட்டன் பட்டாலே ஆன் ஆகுதுக்கா. அந்த ரெண்டு பட்டன் குறுக்கு வழியையே எடுத்துடறேன், இனிமே தொல்லை இல்ல" என்று செட்டிங்ஸுக்குள் போய் எதையோ மாற்றிக் கொடுத்தாள். என்ன மாற்றினாள் என்று இவள் கேட்கவில்லை. முகத்தைக் கழுவிக்கொள்ளப் போய்விட்டாள்.

மறுநாள் காலை வழக்கம்போல் போனை அவர் கட்டிலருகே வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.

நிதானம் இரண்டு பொத்தானையும் அமுக்கிப் பிடித்தார். குரல் வரவில்லை. விட்டுவிட்டு மறுபடி பிடித்தார். விரல் சரியாகப் படவில்லையோ என்று சட்டையில் துடைத்துவிட்டு அழுத்தினார். கையில் இருந்தது வெறும் கண்ணாடித் துண்டு. எங்கே தொட்டாலும் ஒரே வழவழப்பு. எதையோ திறந்தார், எதையோ மூடினார், என்ன என்று தெரியவில்லை.

அப்படித் தடவிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. யார் என்று சொல்ல ஆள் இல்லை. குரல் வந்துவிடாதா என்று பழக்கதோஷத்தில் பொத்தான்களை அமுக்கினார். மணிச் சத்தம்தான் அடங்கியது. உள்ளங்கையில் அதிர்வு மட்டும் இருந்தது. கண்ணாடிமேல் தட்டினார், இழுத்தார், மேலே ஓரிடத்தில் விரல் பட்டதும் அதிர்வு நின்றது. காதில் வைத்து, "ஹலோ" என்றார். மறுபடி, "ஹலோ, யாருங்க?" என்றார். ஒன்றும் இல்லை.

சற்று நேரத்தில் மறுபடியும் அதிர்ந்தது. இந்தத் தடவை அவர் பதறவில்லை. வண்டியைக் குறுகலான பாலத்தில் ஏற்றுவதுபோல் விரலை மெதுவாக வைத்தார். அதுவும் நின்றுபோனது.

கதவைத் திறந்து மாடிப்படியில் நின்று, "யாராவது இருக்கீங்களா?" என்று கூப்பிட்டார். வேலை நாள், கட்டடமே காலியாக இருந்தது.

மாலையில் மனைவி வந்து போனைப் பார்த்தாள். பார்த்துவிட்டு உட்கார்ந்தாள்.

"கண்டக்டர் அண்ணன்ங்க. ரெண்டு தடவ. நீங்க கட் பண்ணியிருக்கீங்க."

"நானா?"

உடனே திரும்ப அழைத்தார்கள். யாரும் எடுக்கவில்லை. காலையில் டிப்போ ஆள் ஒருவர் செய்தி சொன்னார். இதய ஆபரேஷனுக்குப் போன கண்டக்டர் மயக்கம் தெளியாமலே போய்விட்டார்.

எல்லாம் முடிந்து கூட்டம் குறைந்தபின், கண்டக்டரின் மனைவி இருந்த அறைக்கு நிதானத்தை அவர் மனைவி கையைப் பிடித்து அழைத்துப் போனாள். நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அந்த அம்மாள்தான் பேசினாள்.

"உள்ள கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி போன் குடுன்னாருண்ணே. நம்ம பையன்கிட்ட பேசினாரு. அப்புறம் உங்களுக்கு. ரெண்டாவது தடவையும் கட் ஆனதும் என்கிட்ட குடுத்துட்டு, 'அவன் எறங்கி வரமாட்டான்'னு சிரிச்சாரு. சிரிச்சாருன்னு சொல்றேன். சிரிப்பு மாதிரி இருந்துச்சு."

"நான் கட் பண்ணலம்மா," என்றார் நிதானம். "பேசற வசதி நின்னு போயிருந்துச்சு. யாருன்னே தெரியல. எடுக்கத்தான் பாத்தேன். தடவித் தடவிப் பாத்தேன்."

அவர் கை நாற்காலியின் பிடியைத் தேடியது.

"நான் நம்பறேண்ணே," என்றாள் அந்த அம்மாள். "ஆனா நான் நம்பி என்ன ஆகப் போகுது?"

வீடு திரும்பிப் படியேறும்போது மனைவி தானாகச் சொன்னாள். சலவைக் கூடத்தில் நடந்தது, அக்காவின் செய்தி, பொத்தான் வேலை செய்யாமல் போனது ஏன் என்பது, எல்லாம். சொல்லிவிட்டுச் சுவரில் சாய்ந்து அழுதாள். "என்னய ரெண்டு அறையாவது அறைஞ்சிடுங்க."

"உங்கக்கா சொன்னதுல என்ன தப்பு?" என்றார் அவர். அந்த வார்த்தை அவளை அடித்ததைவிட மோசமாகப் பட்டது.

செய்தி கேட்டு மகள் ஓடி வந்தாள். அம்மாவுக்குத் தனிப் போன் வாங்கினாள். அப்பாவின் போனில் எல்லாவற்றையும் சரிசெய்து, "இப்ப அமுக்கிப் பாருங்கப்பா" என்று கையில் கொடுத்தாள். அமுக்கினார். குரல் வந்தது. நேரம் சொன்னது, பேட்டரி எவ்வளவு என்று சொன்னது. அவர் மறுபடியும் இரண்டு பொத்தானையும் அமுக்கிப் பிடித்தார். நிறுத்தப்பட்டது என்று அதுவே சொல்லிவிட்டு நின்றது.

"ஏம்ப்பா நிறுத்திட்டீங்க?"

"போதும்மா."

"அது இல்லாம ஒரு போன் எடுக்க முடியாது உங்களால."

"எடுக்க வேண்டிய போன் வந்துட்டுப் போயிடுச்சு."

மகள் கெஞ்சினாள், கோபித்தாள், ஊருக்குப் போன பிறகும் அம்மாவின் போனில் கூப்பிட்டுத் தினமும் அதையே சொன்னாள். அவர் "சரிம்மா" என்பார். பகலில் அவருடைய போன் எப்போதாவது மேசைமேல் அதிரும். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அது ஓயும்வரை காத்திருப்பார்.

இப்போதெல்லாம் மாலையில் மனைவிதான் அவருக்கு வந்த செய்திகளைப் படித்துச் சொல்கிறாள். மடித்து மடித்துக் காய்த்துப்போன விரலால் திரையைத் தள்ளித் தள்ளி, எழுத்துக் கூட்டுகிறவள்போல் நிதானமாகப் படிப்பாள். சில இடங்களில் நின்று, எச்சில் விழுங்கி, பிறகு தொடருவாள். எதையோ தாண்டிப் போகிறாள் என்று அவருக்குத் தெரியும். என்ன என்று அவர் கேட்பதில்லை.