நாற்பது தொப்பியும் ஒரு மேல்முறையீடும்

ஆப் செய்கிற தொழிலில் சரக்கு நம்முடையது, கடை வேறு யாருடையதோ. அந்தக் கடைக்காரர் முகத்தை நாம் கடைசிவரை பார்க்கப்போவதில்லை.

என்னைப்போல் தனியாளாக உட்கார்ந்து ஆப் செய்து ஸ்டோரில் ஏற்றிவிட்டு, எழுந்ததும் முகம் கழுவுமுன் 'இருக்கா, தூக்கிட்டாங்களா' என்று தேடிப்பார்க்கிற ஜென்மங்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. மற்றவர்களுக்காக நாலு வரி. தேனிப் பக்கம் ஒரு நூல் மில்லில் பதினெட்டு வருஷம் நைட் ஷிப்ட் பார்த்தவன் நான். கோடிங் சொல்லித்தர வாத்தியார் கிடையாது. மிஷின் நின்ற நேரங்களில் போனில் வீடியோ பார்த்துப் படித்தது. மில்லை விட்டும் உடம்புக்கு ராத்திரித் தூக்கம் திரும்பி வரவில்லை. ஊர் அடங்கின பிறகுதான் எனக்கு வேலை ஓடும், கூடவே கவலையும் ஓடும்.

இத்தனை வருஷத்தில் உருப்படியாக நின்றது ஒரே ஆப். பெயர் 'பந்தல் நாள்'. திராட்சைக் கொடியைக் கவாத்து வெட்டின தேதியைப் போட்டால், இன்றைக்கு எத்தனையாவது நாள், எந்த நாளில் என்ன மருந்து அடிக்கவேண்டும் என்று மணியடித்துச் சொல்லும். அந்த ஒன்றை நான் கிட்டத்தட்டப் பறிகொடுத்த கதைதான் இது.

பன்னிரண்டு பேர், பதினாலு நாள்

புது ஆள் கொண்டுவருகிற ஆப்பை ஸ்டோர் உடனே வெளியில் வைக்காது. முதலில் பன்னிரண்டு பேர் அதைத் தங்கள் போனில் வைத்திருந்து பதினாலு நாள் சோதிக்கவேண்டும். நடுவில் ஆள் குறைந்தால் மறுபடி முதல் நாளிலிருந்து. சொந்தபந்தத்தில் கெஞ்சிக் கூத்தாடிப் பதினோரு பேர் சேர்த்தேன். பன்னிரண்டாவது என் மச்சினன் செல்வம். கம்பத்திலிருந்து மலைமேல் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகிற ஜீப் டிரைவர். அவன் போனை வாங்கி நானே ஏற்றி, சும்மா ஒரு கவாத்துத் தேதியையும் போட்டுக் கொடுத்தேன்.

பதினோராம் நாள் பார்த்தால் ஒரு ஆள் குறைகிறது. யாரென்று கேட்கவே வேண்டாம், செல்வத்துக்குத்தான் போன் போட்டேன். "அழிச்சிட்டேன் மச்சான்" என்றான், ஏதோ நல்லது செய்த மாதிரி. ஏண்டா இப்படிச் செய்தாய் என்று கத்தினேன்.

"பின்ன என்ன மச்சான், கொண்டை ஊசி வளைவுல திரும்பயில மணி அடிச்சு, அடிச்சாம்பல் நோவுக்கு மருந்து அடிச்சாச்சான்னு கேக்குது, பின்னாடி இருக்க பொம்பளையாளுக எல்லாம் சிரிக்கிறாக; எங்கிட்ட இருக்கது ஒரு ஜீப்பு, அதுல எங்கன மருந்து அடிக்கச் சொல்றீக?"

திட்டுவதற்கு ஒரு ஆள்

மறுபடி பதினாலு நாள் ஓட்டி, ஒருவழியாக ஸ்டோரில் ஏறியது. ஏறினால் போதுமா? தேடுகிறவன் கண்ணில் படவேண்டுமே. 'திராட்சை' என்று போட்டால் ஜூஸ் கடை விளையாட்டு வருகிறது, பழத்தை வெட்டுகிற விளையாட்டு வருகிறது, நம்முடையது விரல் வலிக்கத் தள்ளின பிறகு வருகிறது. விளம்பரம் கொடுக்க வக்கில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு பந்தல் பந்தலாகக் கிளம்பினேன்.

அப்படிக் கிடைத்தவர்தான் சுருளிப்பட்டி மொக்கராசு அண்ணன். அவருக்கு ரெண்டு திராட்சைப் பந்தல், ரெண்டுக்கும் வேறு வேறு தேதியில் கவாத்து. பந்தலின் கல்தூணில் சாக்பீஸால் தேதி எழுதிவைப்பது அவர் வழக்கம். முந்தின வருஷம் மழை அந்தத் தேதியைக் கழுவிக்கொண்டு போய், அஞ்சு நாள் தப்பாக எண்ணி, மருந்து பிந்தி, ஒரு பந்தல் பிஞ்சு முழுவதையும் அடிச்சாம்பல் தின்றுவிட்டது. நான் அரைமணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். விரல்விட்டு எண்ணி, ஆப் சொல்வதோடு சரிபார்த்தார். போனில் ஏற்றவும் சம்மதித்தார். பிறகு நான் திண்ணையில் வைத்திருந்த பைக் சாவியை எடுத்து, என்னிடம் கொடுக்காமல் வைத்துக்கொண்டு சொன்னார்:

"எல்லாம் சரி தம்பி, இது தப்பாச் சொல்லிருச்சுன்னா நான் யாரைத் திட்டுறது? ஒங்க வீட்டு வெலாசத்தை எழுதிக் குடுத்துட்டுப் போங்க."

கையில் ஒன்று கொடுத்தால்

கம்பத்தில் உர மருந்துக் கடை வைத்திருக்கிற ஜெயசிங் அண்ணாச்சிக்கு என் ஆப் ரொம்பப் பிடித்துப்போனது. ஆப் நாளைச் சொல்கிறது, நாளுக்கு மருந்து தேவை, மருந்து அவர் கடையில் இருக்கிறது. "வர்றவுககிட்ட எல்லாம் சொல்லிவிடுறேன்" என்றார். எனக்கு அவர் கையைப் பிடித்துக்கொள்ளவேண்டும் போலிருந்தது.

அந்த வாரத்திலேயே ஒருநாள் மத்தியானத்துக்குள் ஆப்புக்கு நாற்பது பேர் அஞ்சு ஸ்டார் போட்டிருந்தார்கள். வீட்டு முன்னறையில் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்த என் மனைவி ஈஸ்வரியிடம் போனைக் காட்டிக் குதித்தேன். குதித்து முடித்துத்தான் படித்துப்பார்த்தேன். நாற்பதிலும் ஒரே வாக்கியம்: 'விவசாயிகளின் உண்மையான தோழன், வாழ்க வளர்க.'

கம்பத்துக்கு ஓடிப்போய்ப் பார்த்தால், கடை வாசலில் அண்ணாச்சி அட்டைப்பெட்டி ஒன்றைத் திறந்துவைத்து உட்கார்ந்திருக்கிறார். வருகிறவர்கள் கடை வைஃபையில் ஆப்பை ஏற்றி, அவர் அட்டையில் எழுதி வைத்த வாக்கியத்தைப் பார்த்து அடித்து, அஞ்சு ஸ்டார் போட்டுக் காட்டினால், மருந்துக் கம்பெனி பேர் போட்ட நீலத் தொப்பி ஒன்று. இது ஸ்டோர் சட்டப்படி குற்றம், பொய் ஸ்டார் என்று என்னைத் தூக்கிவிடுவார்கள் என்று படபடத்தேன். அவர் முகம் வாடிவிட்டது.

"பொய்யா? அத்தனை பேரும் நெசமான ஆளுக தம்பி, வாயில சொல்லி வேலை வாங்குற பழக்கம் நம்ம கடையில இல்ல, கையில ஒண்ணு குடுத்துத்தான் வாங்குவோம்."

பெயர் இல்லாத கடிதம்

மெயில் வந்தது நான் கம்பத்துக்குப் போகிற பஸ்ஸில். வீரபாண்டியில் பிரித்தேன், சின்னமனூர் தாண்டியும் படித்துக்கொண்டே இருந்தேன். இங்கிலீஷ்தான், ஆனாலும் சுருக்கம் புரிந்தது: ஆசை காட்டி ஸ்டார் வாங்கியிருக்கிறாய், ஆப்பை எடுத்துவிட்டோம். ஒரே ஒருமுறை மேல்முறையீடு செய்யலாம். அது தள்ளுபடியானால் உன் கணக்கு நிரந்தரமாக மூடப்படும், வேறு எந்தப் பெயரிலும் நீ திறக்கக்கூடாது.

நாற்பத்தொன்பது வயதில் நிரந்தரமாக என்ற சொல்லைப் படிப்பது வேறு மாதிரி இருக்கிறது. மில்லில் திரும்பச் சேர்க்கமாட்டார்கள். வேறு எதுவும் எனக்குத் தெரியாது. யாரையாவது கூப்பிட்டுப் பேசலாம் என்றால் மெயிலில் போன் நம்பர் இல்லை. பதில் போட்டால், இந்த முகவரிக்கு வரும் கடிதங்களை யாரும் படிப்பதில்லை என்று உடனே பதில் வருகிறது. உத்தமபாளையத்தில் இறங்கி எதிர் பஸ் பிடித்து வீடு வந்தேன்.

ஈஸ்வரி தையல் மிஷினை நிறுத்தவில்லை. காலால் மிதித்துக்கொண்டே, "யாரு எழுதுனது, பேரு போட்டிருக்கா?" என்று கேட்டாள். பேரெல்லாம் இல்லை, 'குழு' என்றுதான் போட்டிருக்கிறது என்றேன்.

"பேரு போடவே தைரியம் இல்லாதவுகளுக்கு நீங்க என்னத்துக்கு இப்படி நடுங்குறீக?"

பெருமூச்சு

ஏற்கெனவே போனில் வைத்திருந்தவர்களுக்கு ஆப் வேலை செய்தது. புதிதாக ஏற்றத்தான் முடியாது. அதில் ஒரு ஆறுதல் இருந்தது, ரெண்டு நாளைக்கு. மூன்றாம் நாள் மொக்கராசு அண்ணன் குனிந்து மருந்து கலக்கும்போது சட்டைப்பையிலிருந்த போன் டிரம்முக்குள் விழுந்துவிட்டது. புதுப் போன் வாங்கினார். ஸ்டோரில் ஆப் இல்லை. தேதியெல்லாம் பழைய போனுக்குள். ஒரு பந்தல் அறுவடை முடிந்து கிடந்தது, மற்றதற்குத்தான் நாள் தெரியவேண்டும். கல்தூணில் எழுதுவதையோ என்னை நம்பி நிறுத்திவிட்டிருந்தார்.

"இன்னைக்கு எத்தனாவது நாளு தம்பி?" என்றார் போனில். எனக்கு எப்படித் தெரியும்? மேகம் வேறு இறங்கிக்கொண்டிருந்தது. மழைக்கு முந்தி மருந்து விழவேண்டும், எந்த மருந்து என்பதோ நாளைப் பொறுத்தது. அவர் மனைவியைக் கேட்டார். கவாத்துக்கு ஆள் விட்ட மறுநாள் தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து என்று அந்த அக்கா சொன்னார்கள். காதுகுத்துப் பத்திரிகையை அவர்கள் தேடி எடுத்துத் தேதியைப் படிக்க, ஒருநாள் பின்னால் போய், நான் இங்கே காலண்டரில் எண்ணினேன். ஒருமுறைக்கு மூன்று முறை எண்ணினேன். முப்பத்திரண்டாம் நாள். அன்று சாயந்திரமே மருந்து அடித்துவிட்டார்.

அதிலிருந்து தினம் காலையில் அவர் கூப்பிடுவார், நான் நோட்டைப் பார்த்து நாளைச் சொல்வேன். போன் மாற்றின இன்னும் ஆறேழு பேர் அவரிடம் கேட்டு என்னைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். ஆப் செய்யவேண்டிய வேலையை நானே உட்கார்ந்து செய்துகொண்டிருந்தேன். எட்டாம் நாளோ என்னவோ, மொக்கராசு அண்ணன் போனை வைக்குமுன் சொன்னார்:

"மிஷினு மாதிரியே சரியாச் சொல்றீக தம்பி, ஆனா மிஷினு எங்கிட்டப் பெருமூச்சு விட்டதில்ல."

நீலத் தொப்பியைத் தேடி

மேல்முறையீட்டுப் பெட்டியில் ஆயிரம் எழுத்துக்குமேல் கொள்ளாது. ஆயிரம் எழுத்தில் ஜெயசிங் அண்ணாச்சியை எப்படி அடைப்பது? போடியில் எனக்கு ஒரு கூட்டாளி, பெயர் ராஜன். அவன் ஆப்பையும் இதே மாதிரி எடுத்து, முறையீட்டையும் தள்ளி, கணக்கையும் மூடிவிட்டார்கள். இப்போது போன் ரிப்பேர் செய்கிறான். "எனக்கு ஒண்ணும் தெரியாது, யாரோ எதிரி செஞ்சதுன்னு எழுது. நான் உள்ளதைச் சொல்லித்தான் நாசமாப் போனேன்" என்றான். அவன் முகத்தைப் பார்த்தால் அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

ரெண்டு நாள் யோசித்தேன். அண்ணாச்சியை எதிரி என்று எழுத விரல் போகவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுவது, அதற்கு முன்னால் அந்த நாற்பதையும் அழிக்க வைப்பது என்று முடிவு செய்தேன். யார் யார் போட்டது என்று அண்ணாச்சிக்கு ஞாபகமில்லை. ஒரே அடையாளம் தொப்பிதான். சுருளிப்பட்டியிலிருந்து கூடலூர் வரை பந்தலுக்கு அடியில் நீலமாகத் தெரிகிற தலையெல்லாம் பார்த்து பைக்கை நிறுத்தினேன். எனக்கு அஞ்சு ஸ்டார் போட்டீர்களே, தயவுசெய்து எடுத்துவிடுங்கள் என்று கேட்டேன். பாராட்டைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்ட வியாபாரி உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். சிலருக்கு எங்கே அழுத்தவேண்டும் என்று தெரியாமல் நானே வாங்கி அழித்தேன். முப்பத்தாறு வரை தேறியது. கடைசியாகப் பிடித்த பெரியவர், நான் பேசப்பேசத் தொப்பியைக் கழற்றி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

"நான் எழுதுனதை வேணா எடுத்துக்கங்க அய்யா, தொப்பியை மட்டும் கேக்காதீக."

ஒரே ஒரு ஸ்டார்

முறையீட்டை அனுப்பிவிட்டு ஒன்பது நாள் நான் இருந்த இருப்பை எழுதப்போவதில்லை, உங்களுக்கே தெரியும். பத்தாம் நாள் பதில் வந்தது. உங்கள் விளக்கத்தைப் பரிசீலித்தோம், ஆப்பைத் திரும்ப வைக்கிறோம், இதுவே கடைசி எச்சரிக்கை. மீதியிருந்த நாலு பேர் போட்ட ஸ்டாரையும் துடைத்து, ஆப் பிறந்த அன்று இருந்ததுபோல் மொட்டையாக வைத்திருந்தார்கள். எனக்கு அழுகை வந்தது. ஈஸ்வரி மிஷினை நிறுத்திவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

உடனே தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டேன். ஏற்றிக்கொள்ளுங்கள், ஆனால் யாரும் ஸ்டார் போடவேண்டாம், மொத்தமாக அஞ்சு அஞ்சாக விழுந்தால் மறுபடி சந்தேகப்படுவார்கள், இன்னொருமுறை என்றால் என் பிழைப்பு முடிந்தது என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். ஜெயசிங் அண்ணாச்சியிடம் சத்தியமே வாங்கினேன். பெட்டியில் மீதித் தொப்பி இருக்கிறதா என்றும் பார்த்துவிட்டு வந்தேன்.

மறுநாள் காலையில் ஆப்புக்குக் கீழே புதிதாக ஒரு ஸ்டார் விழுந்திருந்தது. ஒன்றே ஒன்று. இருக்கிறதிலேயே மட்டமான மதிப்பு. சொந்தப் பெயரிலேயே போட்டிருந்தது மொக்கராசு அண்ணன். நாள் ஏதும் தப்பிவிட்டதோ, பிஞ்சு போய்விட்டதோ என்று பதறி அவரைக் கூப்பிட்டேன். கொத்து நல்லா இறங்கியிருக்கு, ஆப்பும் சரியாச் சொல்லுது என்றார். பிறகு ஏன் அண்ணே ஒன்று போட்டீர்கள் என்றேன்.

"அஞ்சு போட்டாச் சந்தேகப்படுறாகன்னு நீங்கதான தம்பி சொன்னீக, அதான் பாத்து ஒண்ணே ஒண்ணு போட்டுவிட்டேன், இனி ஒங்களை எவனும் ஒரு வார்த்தை கேக்க முடியாது."

ஊரில் மற்ற வியாபாரிகளெல்லாம் நல்ல பேர் எடுக்க ஓடிக்கொண்டிருக்க, எனக்கு வேண்டியவர்கள் எனக்கு நல்லது செய்துவிடாமல் பார்த்துக்கொள்வதே இப்போது எனக்கு முழுநேர வேலையாக இருக்கிறது.