முட்டைக்கோஸ் ஏற்றத்தான் என்று சொல்லி வாங்கிய கார்

யாராவது என்னைப் பார்த்துச் சிரித்தால், இவனுக்கு என்ன வேண்டியிருக்கிறது என்றுதான் எனக்கு முதலில் தோன்றும். கேமரன் மலையில் ஒரு தேயிலை ஃபேக்டரியில் பதினைந்து வருஷமாக இலை எடை போடுகிற வேலை. மூட்டைக்கு அடியில் ஈர இலையை அமுக்கி வைத்துவிட்டு, மேலே நல்ல இலையைப் பரப்பிக்கொண்டு வருகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். உள்ளே கையை விட்டுத் துழாவாமல் ஒரு மூட்டையையும் தராசில் ஏற்றியதில்லை. அந்தப் பழக்கம் ஃபேக்டரி வாசலோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மனைவிக்கு ஏழாம் மாதம் நடந்தபோதுதான் கார் வாங்கியே ஆகவேண்டும் என்றாயிற்று. கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்துத் தங்கிய பிள்ளை. ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது என்று தானா ராத்தா ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டு, இனி இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மலைக்குக் கீழே ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும்படி எழுதிக் கொடுத்தார்கள். எங்களிடம் இருந்தது ஒரு மோட்டார் சைக்கிள். அந்த வளைவுகளில் அவளைப் பின்னால் உட்கார வைத்து மலையிறங்க முடியாது.

முதலில் புதுக் கார் பார்க்கத்தான் ஈப்போ போனேன். கடைக்காரப் பெண் உட்காரச் சொன்னாள், காப்பி கொடுத்தாள், வீட்டில் எல்லாரும் சுகமா என்று கேட்டாள். முன்பின் தெரியாதவள் எதற்கு என் வீட்டுச் சுகத்தை விசாரிக்க வேண்டும்? ஒன்பது வருஷத் தவணை என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் நான் எழுந்துவிட்டேன். காப்பியையும் குடிக்கவில்லை.

அடுத்து லெம்பா பெர்த்தாமில் ஒரு பழைய கார். வெள்ளையில் பளபளவென்று நின்றது. எனக்கு அந்தப் பளபளப்பே பிடிக்கவில்லை. அணையைத் திறந்துவிட்டு அந்தப் பள்ளத்தாக்கில் வெள்ளமும் சேறும் புகுந்து கார்களெல்லாம் மூழ்கிய கதை மலையில் யாருக்குத்தான் தெரியாது? சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தேன், கால்மிதியைத் தூக்கி முகர்ந்தேன், ஸ்பேர் டயரைக் கழற்றி அதன் குழியில் விரலைவிட்டுத் தேய்த்தேன். மண் இருந்தது. "இந்த மலையில மண்ணு இல்லாத காடி எங்கண்ணே இருக்கு?" என்று விற்க வந்தவன் சிரித்தான். அந்தச் சிரிப்போடு அந்தக் காரும் முடிந்தது.

மூன்றாவது கார் திரிங்காப்பில். பூத்தோட்டம் வைத்திருக்கும் நம்மவர் ஒருவர், என்னைவிட நாலைந்து வயது இளையவர். மூன்றாவது பிள்ளை பிறந்ததும் வேன் வாங்கிவிட்டதால் சின்னக் காரை விற்கிறாராம். அவர் சொன்ன விலை, நான் விசாரித்து வைத்திருந்ததைவிட நன்றாகவே குறைவு. எனக்குத் தூக்கம் போய்விட்டது. நல்ல காரை எவனாவது குறைத்துக் கொடுப்பானா?

"நானும் வந்து உக்காந்து பாக்குறேனே. உக்காரப் போறது நான்தானே?" என்றாள் மனைவி.

"நீ வராத. வயித்தப் பாத்தான்னா, அவசரம்னு புரிஞ்சுக்கிட்டு ஒரு காசு கொறைக்கமாட்டான்."

நான் என் கெட்டிக்காரத்தனத்தை மெச்சிக்கொண்டே போனேன்.

பூத்தோட்டக்காரர் சாவியைக் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றார். "யாருண்ணே ஓட்டப் போறது? தூரமா போவீங்களா?" என்று கேட்டார். எதற்குக் கேட்கிறான்? தேவையை அளந்து பார்க்கிறான்!

"தூரமெல்லாம் இல்லலா. மலை மேலேயேதான் ஓடும். முட்டைக்கோஸ் ரெண்டு மூட்ட ஏத்துறதுக்கு," என்றேன்.

"அண்ணி ஏறுவாங்களா?"

"அவளுக்குக் காடியப் பாத்தாலே தலசுத்தும்."

அவர் தலையாட்டினார். நான் சோதனையை ஆரம்பித்தேன். பிரிஞ்சாங் ஏற்றத்தில் நிறுத்தி ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பார்த்தேன். கார் ஒரு இஞ்ச் நகரவில்லை. கியர் மாற்றினேன், எண்ணெயைத் தொட்டேன், அடியில் குனிந்து துரு தேடினேன். கடைசியாக ஏர்கோன் பொத்தானையும் அமுக்கினேன். ஜில்லென்று முகத்தில் அடித்தது. அதையும் சரி என்று மனசுக்குள் குறித்துக்கொண்டேன். அவர் என்னையும் பொத்தானையும் பார்த்துவிட்டு, ஏதோ சொல்ல வந்து, சொல்லாமல் விட்டார். ஒரு குறையும் அகப்படாததில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட.

அவர் சொன்ன விலைக்கே காரை வாங்கி, ஒரு வாரம் கழித்து அவளை ஏற்றிக்கொண்டு ஈப்போவுக்குப் புறப்பட்டேன். ரிங்லெட்டைத் தாண்டி இறங்கும்வரை ராணி மாதிரி உட்கார்ந்து வந்தாள். பாதி இறக்கத்தில் சட்டை முதுகில் ஒட்ட ஆரம்பித்தது. கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏர்கோனைத் திறந்தேன். வந்தது அனல். பொத்தானை அணைத்துத் திறந்தேன், அடித்துப் பார்த்தேன், கெட்ட வார்த்தை சொன்னேன். அனல்தான் வந்தது.

அப்போதுதான் உறைத்தது. மலையில் பிறந்து வளர்ந்தவனுக்கு ஏர்கோனைப் பற்றி என்ன தெரியும்? திரிங்காப்பில் சும்மா காற்றாடி சுற்றினாலே ஜில்லென்றுதான் வரும். நான் சோதித்தது கேமரன் மலையின் காற்றை.

தாப்பாவைத் தாண்டி நெடுஞ்சாலையில் உச்சிவெயில். கண்ணாடியை இறக்கினால் லாரிப் புகை, ஏற்றினால் அடுப்பு. அவள் முகம் முதலில் சிவந்து, பிறகு வெளுத்தது. கோப்பேங் பக்கம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னங்க, கண்ணு இருட்டுது," என்றாள். அதன் பிறகு ஆஸ்பத்திரி வாசல்வரை எப்படி ஓட்டினேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. எட்டு வருஷம் காத்திருந்ததை என் கையாலேயே கெடுத்துவிட்டேனே என்ற பயம் மட்டும் ஞாபகம் இருக்கிறது.

அழுத்தம் கன்னாபின்னாவென்று ஏறியிருந்தது. உடனே வார்டில் சேர்த்துவிட்டார்கள். பிள்ளையின் இதயத் துடிப்பு சரியாக இருப்பதாக நர்ஸ் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. மூச்சு வந்ததும் கோபமும் வந்தது.

மறுநாள் காலை அவளுக்குத் துணிமணி எடுக்க மலையேறியவன், வீட்டுக்குப் போகாமல் நேராகத் திரிங்காப் போனேன். பூத்தோட்டக்காரர் பூக்கட்டுகளை வேனில் அடுக்கிக்கொண்டிருந்தார். வாய்க்கு வந்தபடி கத்தினேன். ஏமாற்றுக்காரன் என்றேன், வயிற்றுப்பிள்ளைக்காரியைக் கொல்லப் பார்த்தாய் என்றேன். கடைசி வார்த்தையில் அவர் கையிலிருந்த கட்டைக் கீழே வைத்தார்.

"அண்ணி மாசமா இருக்காங்களா? ரெண்டு தடவ கேட்டேனேண்ணே. மேலேயே ஓடும், முட்டக்கோஸ்தான்னு சொன்னீங்க. மலையில யாருக்கு ஏர்கோன் வேணும்? அது வேல செய்யலன்னுதானே வெலையக் கொறச்சதே. நீங்களே அமுக்கிப் பாத்துட்டு ஒண்ணும் கேக்கல. தெரிஞ்சுதான் வாங்குறீங்கன்னு நெனச்சேன். ஒரு வார்த்த சொல்லியிருந்தா, சரிபண்ணாம சாவியவே குடுத்திருக்க மாட்டேன்."

அவர் வேனிலிருந்த பூக்கட்டுகளை இறக்கி வைத்தார். "ஏர்கோன் நல்லா இருக்கு, இதுல போய் அண்ணியப் பாருங்க. காடிய விட்டுட்டுப் போங்க, நம்ம காடி ரிப்பேர் பாக்குற போர்மன்கிட்ட குடுத்து சரிபண்ணி வெக்கிறேன்," என்று வேன் சாவியை நீட்டினார். நான் செத்தவன் மாதிரி வாங்கிக்கொண்டேன்.

இதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. வீட்டில் அவள் துணிமணியை எடுத்துக்கொண்டு மலையிறங்கும் வழியில், கம்போங் ராஜாவைத் தாண்டியதும் வேனை ஓரங்கட்டினேன். எவனாவது கேட்காமல் வண்டி கொடுப்பானா? உள்ளே எதை ஒளித்து வைத்து என்னிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறான்? பின்கதவைத் திறந்து, சீட்டுக்கு அடியில் கையைவிட்டுத் துழாவினேன். நாலு செவ்வந்தி இலைதான் கிடைத்தது.

வார்டில் அவள் சாய்ந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். முகம் தெளிந்திருந்தது. அவளிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். முட்டைக்கோஸ் பொய், தலைசுற்றல் பொய், வேனின் பின்கதவு, ஒன்றையும் விடவில்லை. சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"எங்கிட்டயும் இப்படி எதையாச்சும் மாத்திச் சொல்லியிருக்கீங்களா?"

இல்லை என்றேன். அது உண்மைதான். அவள் சரி என்று சொல்லிவிட்டு, என் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே இருந்தாள்.